கோடை விழாவில் மலைக்காரர்களுக்கு ஒரு மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பி, பாதி நாள் கொண்டை ஊசி வளைவுகளில் காருக்குள்ளேயே கழிந்துவிட்டது என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியதைப் படித்தேன். நியாயமான வருத்தம். இருபது வளைவு, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஏறுவதற்கு அடிவாரம் வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி. பொறுமைசாலிக்கே பொறுமை போய்விடும். ஆனால் அவர் எழுதியது மேலே போகிறவர்களைப் பற்றி. மேலேயே குடியிருக்கிறவர்களைப் பற்றி நான் கொஞ்சம் எழுத வேண்டும். இடம் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் பிறந்தது ஏற்காட்டில், ஒரு காபி எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். அப்பா அங்கே மேஸ்திரி. வாக்கப்பட்டு வந்தது சேலம் குகைக்கு. வீட்டுக்காரரும் நானும் சாயங்காலக் கடை போட்டு, தட்டுவடை செட்டும் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைப்பது) நொறுக்கலும் விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். அதனால் கூட்டம், சந்தை, கல்லாப்பெட்டி எல்லாம் எனக்குப் பழக்கப்பட்ட சங்கதிகள். கோடை விழா என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சி அல்ல. லயத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்து ரோட்டோரம் வரிசையாக நின்று கார்களை வேடிக்கை பார்ப்பார்களே, அதுதான். கார்க்காரர்கள் பூவைப் பார்க்க வருகிறார்கள், இவர்கள் கார்க்காரர்களைப் பார்க்கிறார்கள். விழாவில் இவர்களுக்கு அதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை.

இதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நானும் இத்தனை காலம் இருந்துவிட்டேன். போன வருஷம் மகளுடைய இரண்டாவது பேறுகாலத்துக்காக இங்கிலாந்து போனேன். அங்கே நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஆக்ஸ்போர்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சின்ன கிராமம். ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பப், எல்லாச் சாமானும் வைத்திருக்கிற ஒரே ஒரு கடை. ஊர் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத பச்சைப் புல்வெளி. மே மாதம் முதல் திங்கட்கிழமை அங்கே பொது விடுமுறை, 1978-லிருந்து அப்படி. அன்றைக்கு அந்தப் புல்வெளியில் வில்லேஜ் ஃபேர் நடத்துகிறார்கள். வேலியோரம் முழுக்க ஒரு முள்செடி வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அது பூத்தால்தான் அவர்களுக்கு மே மாதம் வந்த மாதிரியாம். நமக்குக் காபி பூ பூக்கிற கணக்கு போல.

விழாவுக்குச் சில நாள் முன்பு பக்கத்து வீட்டு வயதான அம்மா கதவைத் தட்டினார். ஃபேருக்கு வருகிறீர்களா என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அதுவல்ல. “உங்கள் அம்மா ஃபேருக்கு என்ன செய்கிறார்?” என்று மகளிடம் கேட்டார். எந்த மேசையில் என் பெயரைப் போடுவது என்று தெரிந்துகொள்ள நோட்டும் பேனாவுமாக நிற்கிறார். பாஷை தெரியாத, ஊருக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகாத ஒரு பொம்பளையை. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. தட்டுவடை செய்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஆக்ஸ்போர்டில் கௌலி ரோட்டுக் கடைகளில் அரிசி மாவு, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை எல்லாம் கிடைத்தன. வேர்க்கடலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அங்கே விற்கிற தின்பண்டத்தில் கோதுமை, முட்டை, பால், கடலை, எள் என்று ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். எது கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். என் டப்பாவிலும் எள் என்று எழுதி ஒட்டினோம். இங்கே நாங்கள் கடை லைசென்ஸுக்கு அலைந்த அலைச்சலை நினைத்துக்கொண்டேன். அது வேறு கதை.

ஃபேர் அன்று காலை போனால், வாசலில் சில்லறைப் பெட்டியோடு உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவர் என் பேத்தி படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை. மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, கார் நிறுத்த இடம் காட்டியவர் ஊர்ப் பாதிரியார். பெரியவர்களுக்கு இரண்டு பவுண்டு, குழந்தைகளுக்கு இலவசம். வாசலிலேயே ஒரு பலகையில், வருகிற பணம் முழுவதும் ஊர்ப் பொதுக்கூடத்தின் ஓட்டுக் கூரையை மாற்றுவதற்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் மேடையைத் தேடினேன், மேடை இல்லை. நாற்காலி வரிசை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் கிடையாது. கையில் பிடித்துப் பேசுகிற ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதில் ஒருவர், யாருடைய குழந்தை தொலைந்தது, யாருடைய கார் வழியை அடைத்து நிற்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேக் மேசை மகளிர் சங்கத்துக்காரர்களுடையது. விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்கிறார்கள். 1897-ல் கனடாவில் ஆரம்பித்து, முதல் உலகப் போர் நடக்கும்போது 1915-ல் வேல்ஸில் ஒரு கிராமத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெல்லாம் பரவியதாம். போர்க்காலத்தில் கிராமத்துப் பெண்களைக் கொண்டு சாப்பாட்டுப் பொருளை விளைவிக்கவும் வீணாகாமல் பாதுகாக்கவும் செய்த ஏற்பாடு. ஜாம் பாட்டிலும் ஊறுகாயும் அவர்கள் கைக்கு வந்தது அப்படித்தான். விக்டோரியா கேக் என்று ஒன்று வைத்திருந்தார்கள். இரண்டு வட்டக் கேக், நடுவே ராஸ்பெர்ரி ஜாம். பார்த்ததும் இது நம்ம செட்டுதானே என்று மகளிடம் சொன்னேன். உள்ளே பீட்ரூட், கேரட், சட்னிக்குப் பதில் ஜாம். ருசியில் பக்கத்தில் வர முடியாது என்பது என் அபிப்பிராயம், கடைக்காரி அப்படித்தான் சொல்வாள். சட்னி என்று அவர்கள் விற்றதோ ஆப்பிளையும் சர்க்கரையையும் வினிகரில் கொதிக்கவிட்ட ஒரு தித்திப்பு. அதற்குச் சட்னி என்று பெயர் வைத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் தட்டுவடையை முதலில் யாரும் தொடவில்லை. ஒரு கிழவர் வந்து, இதைத் தேநீரில் நனைக்க வேண்டுமா என்று கேட்டார். மேலே வெங்காயமும் புதினாச் சட்னியும் வைத்து, இன்னொரு வடையால் மூடிக் கையில் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் மதியத்துக்குள் டப்பா காலி. வந்த பணம் கூரைக்குப் போனது. அந்தக் கூரையில் இரண்டு ஓடாவது என் கணக்கில் இருக்கும்.

என் கண்ணை நிறைத்தது குழந்தைகள் ஆடிய ஆட்டம். நடுவில் ஓர் உயரமான கம்பம், அதன் உச்சியிலிருந்து கலர் கலராக ரிப்பன்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் உள்ளே ஒருத்தர் வெளியே என்று மாறி மாறி ஓட, கம்பத்தில் பின்னல் விழுகிறது. திரும்ப எதிர்ப்பக்கம் ஆடினால் பின்னல் அவிழ்கிறது. ஆசிரியர் ஐயா, இது அப்படியே நம்முடைய பின்னல் கோலாட்டம். நம் ஆட்டத்தில் ஒரு கையில் கோல் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். என் பேத்தி ஓரிடத்தில் தப்பாகச் சுற்றி எல்லா ரிப்பனும் சிக்கிக்கொள்ள, டீச்சரே உள்ளே குனிந்து நுழைந்து அவிழ்த்தார். ஊரே கை தட்டியது. “அம்மாயி, பாத்தியா?” என்று அங்கிருந்தே கத்தினாள்.

அந்த டீச்சர் பிறகு எங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார், மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பிள்ளைகள் சுற்றி ஆடிய அந்தக் கம்பத்துக்கு மேக்கம்பம் என்று பெயர், அது ரொம்பப் பழையதாம். 1644-ல் பார்லிமெண்டே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது, அது கடவுளுக்கு ஆகாத கூத்து என்று. இடையில் மன்னராட்சியே இல்லாமல் போய், 1660-ல் ராஜா திரும்பி வந்தார், கம்பமும் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் லண்டனில் ஸ்ட்ராண்ட் என்ற தெருவில் 130 அடிக்கு மேல் உயரத்துக்கு ஒன்றை நட்டார்களாம். ஆனால் ரிப்பனைப் பின்னி ஆடுவது அத்தனை பழசில்லை. அது போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பள்ளிக்கூடங்கள் வழியாகப் பரவியது. ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளர் 1881-ல் லண்டனில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி தரும் கல்லூரி ஒன்றில், மாணவி ஒருத்தியை ராணியாகத் தேர்ந்தெடுக்கிற மே ராணி விழாவை ஆரம்பித்து வைத்திருக்கிறார். அந்த மாதிரி இடங்களில் படித்த டீச்சரம்மாக்கள் வேலைக்குப் போன ஊரிலெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆதிகாலத்துப் பழக்கம் என்று நான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தை, யாரோ சில டீச்சர்கள் மெனக்கெட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், புதிதாக எதையாவது சொன்னால் “நம்ம ஊர்ல அந்தப் பழக்கம் இல்லீங்களே” என்று அலுவலகங்களில் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

பெரியவர்கள் ஆடியது மாரிஸ் ஆட்டம். வெள்ளை உடை, முழங்காலுக்குக் கீழே வரிசையாகச் சலங்கை, இரண்டு கையிலும் வெள்ளைக் கைக்குட்டை. நம் ஒயிலாட்டக்காரர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரே நிமிஷத்தில் கூடச் சேர்ந்து ஆடிவிடுவார்கள். வயிறு தள்ளிய ஆட்களும் வெட்கமில்லாமல் குதித்தார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இதற்கும் ஒரு கதை சொன்னார்கள். 1899-ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்போர்டை ஒட்டிய ஹெடிங்டன் குவாரி என்ற இடத்து ஆட்டக்காரர்கள், உறைபனியால் கட்டட வேலை நின்றுபோய் கையில் காசில்லாமல், பருவமில்லாத பருவத்தில் ஆடிக் காசு கேட்டு ஒரு வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்த செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர், வாத்தியம் வாசித்த வில்லியம் கிம்பரை மறுநாள் கூப்பிட்டு மெட்டுகளை எழுதி வாங்கிக்கொண்டார். அழிந்துகொண்டிருந்த ஆட்டம் பிழைத்ததற்கு அது ஒரு காரணம். கிம்பர் கொத்து வேலைக்காரர். வேலை இல்லாத நாளில் கலையைக் காட்டிப் பிழைக்கிற ஆட்களைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேங்காயைக் குறிபார்த்து அடிக்கிற விளையாட்டு ஒன்று. கம்பு நட்டு, அதன் மேல் கிண்ணம் மாதிரி ஒன்றில் உரித்த தேங்காயை வைத்துவிடுகிறார்கள். ஒரு பவுண்டு கொடுத்தால் மரப்பந்து தருவார்கள், விழுந்தால் தேங்காய் நமக்கு. மாப்பிள்ளைக்கு ஒன்றும் விழவில்லை. “அத்தை, நீங்க வேணா பாருங்க” என்றார். கொய்யா மரத்திலும் ஆரஞ்சு மரத்திலும் கல் எறிந்து வளர்ந்த கை என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து உடைத்தால் முற்றல் காய், ஆனால் அழுகவில்லை. இரண்டு நாளைக்குச் சட்னிக்கு ஆனது.

நாய்க் கண்காட்சியும் இருந்தது, நம் கோடை விழாவில் இருப்பது போல. நம் ஊரில் ஜாதி நாய்களையும் போலீஸ் நாய்களின் சாகசத்தையும் காட்டுவார்கள். அங்கே எந்த நாய் நன்றாக வாலாட்டுகிறது என்பதற்கு ஒரு பரிசு, எஜமானரைப் போலவே முகம் இருக்கிற நாய்க்கு ஒரு பரிசு. மூன்று கால் உள்ள ஒரு தெரு நாய் வாலாட்டலில் ஜெயித்தது. ரிப்பன் கட்டிவிட்டவர் அந்த ஊர் மாட்டு டாக்டர்.

மத்தியானம் மழை கொட்டியது. யாரும் ஓடவில்லை, கூடாரத்துக்குள் கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள். பிறகு கயிறு இழுத்தார்கள், ரப்பர் பூட்ஸை வீசினார்கள், குலுக்கல் நடத்தினார்கள். டிக்கெட் நம்பர் பூஜ்ஜியத்திலோ ஐந்திலோ முடிந்தால் பரிசு. எனக்கு ஒரு ஒயின் பாட்டில் விழுந்தது. மகள் சிரித்த சிரிப்பில் கைக்குழந்தை முழித்துக்கொண்டது. பாட்டிலை அந்த மேசையிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேசைகளுக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். இளவட்டங்கள் வாங்கிச் சாப்பிட வந்தார்களே தவிர, மேசை தூக்க வரவில்லை என்று பக்கத்து வீட்டம்மா புலம்பினார். குளிர் வேறு, எனக்கு மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனால் அடுத்த வாரம் கடை வாசலில் ஒட்டியிருந்த தாளை மாப்பிள்ளை படித்துக் காட்டினார். கேக் மேசையில் இவ்வளவு, பழைய சாமான் மேசையில் இவ்வளவு, கூடார வாடகை போக மிச்சம் இவ்வளவு, கூரைக்கு இன்னும் வேண்டியது இவ்வளவு. தட்டுவடைக்குத் தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து, அவர்களிடம் நாம் கற்றதும் கொடுத்ததும் போதும். நான் குடியிருக்கிற குகையிலேயே ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகையில் வண்டி வேடிக்கை நடக்கிறது. தறி ஓட்டுகிறவரும் கடை வைத்திருப்பவரும் அன்றைக்கு வேஷம் கட்டிச் சாமியாக வண்டி மேல் வருவார்கள். ஒவ்வொரு பகுதியும் தன் வண்டியைத் தானே ஜோடிக்கும். ஏற்காட்டில் மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவைப் பாருங்கள். குகைக்குள் இருக்கிற சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட மலைக்கிராமத்து ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். அது அவர்கள் விழா. அங்கே யாரும் ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அதே மாதம், அதே மலையில், கோடை விழாவில் மட்டும் அவர்கள் ஏன் பார்வையாளர்கள்?

தோட்டக்கலைத் துறையும் சுற்றுலாத் துறையும் நடத்துகிற கோடை விழா அப்படியே நடக்கட்டும். பூக்கள் அழகுதான், படகுப் போட்டியும் இருக்கட்டும். நான் கேட்பது அந்த விழாவோடு சேர்ந்த ஒரே ஒரு நாள். ஏரிக்கரையில் வேண்டாம், அங்கே நெரிசல் தாங்காது. நாகலூரிலோ செம்மநத்தத்திலோ ஒரு பள்ளி மைதானம் போதும். ஏற்காட்டுக்கு 67 மலைக்கிராமங்கள் என்று எப்போதும் சொல்கிறார்கள். ஊருக்கு ஒரு மேசை. மேடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். கலெக்டர் வந்தால் சந்தோஷம், டிக்கெட் வாங்கிக்கொண்டு வரட்டும்.

மேசையில் வைக்க எங்கள் மலையில் என்ன பஞ்சம்? வறுத்து அரைத்த காபித்தூள், மிளகு, தேன், சாமை, தினை, ராகிக் களி. மே மாதம் பலா வந்துவிடும். பலாக்கொட்டையைச் சுட்டுக் கொடுத்தால் சேலத்துப் பிள்ளைகள் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். இந்த மிளகையும் காபியையும் வியாபாரி வந்து சாக்கு விலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார். அதையே சுற்றுலா வந்தவர் ரோட்டுக் கடையில் பொட்டலம் போட்ட விலைக்கு வாங்குகிறார். நடுவில் இருக்கிற வித்தியாசத்தை ஒரு நாளாவது விளைவித்தவள் கண்ணால் பார்க்கட்டும். ஆட்களுக்கும் பஞ்சமில்லை. மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-ல் முதலில் தொடங்கியதே பக்கத்துத் தருமபுரியில்தான், அது 1965 வரை நம் சேலம் ஜில்லாவாகவே இருந்த ஊர். மலையிலும் குழுக்கள் இருக்கின்றன. கூட்டம் போடவும் கணக்கு எழுதவும் பழகிய பெண்கள். அவர்களை விழாவுக்குக் கூப்பிடுவது இப்போதும் நடக்கிறது, நாற்காலி நிரப்புவதற்கு. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுக் கூப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மேசைக்கு வாடகை வாங்கக் கூடாது, இடத்தை ஏலம் விடக் கூடாது. முன்பு ஓர் ஊரில் கண்காட்சியில் கடை போட நான் கேட்டபோது சொன்ன தொகைக்கு ஒரு வருஷம் தட்டுவடை விற்க வேண்டியிருந்தது. அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தால் எங்கிருந்தோ வந்த பிளாஸ்டிக் பொம்மையும் டெல்லி அப்பளமும்தான் கடைகளில் இருந்தன. ஏலம் என்று வந்துவிட்டால் மலைக்காரர் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது. மேசை, நாற்காலியைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விற்கிறவர்கள் தங்கள் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும். வாசல் டிக்கெட்டில் வருவது மட்டும் பொதுவுக்கு. அது எதற்கு என்று முன்கூட்டியே பலகையில் எழுதிவிட வேண்டும். ஏதாவது ஓர் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியோ, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கூரையோ. மலையில் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பிறகு கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னல் கோலாட்டம் சொல்லிக் கொடுக்க ஏற்காட்டிலும் சேலத்திலும் டீச்சர்கள் கிடைப்பார்கள். லீவு நாள் என்று சொல்வார்கள். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், லீவிலும் வருவார்கள்.

நாள் விஷயத்தில் ஒரு யோசனை. விழாவின் ஞாயிற்றுக்கிழமையில் வைக்காதீர்கள், நான் முதலில் சொன்ன வாசகர் அன்றைக்கும் வளைவிலேயே நிற்பார். சேர்வராயன் திருவிழாவோடும் மோதக் கூடாது. ஒரு வேலைநாளாகப் பார்த்து, எஸ்டேட்டுகளில் அரை நாளாவது சம்பளத்தோடு விட்டால் லயத்துப் பெண்களும் வர முடியும். எஸ்டேட் முதலாளிகள் இதைப் படிக்கிறார்கள் என்றால், கூலியைப் பிடிக்காமல் விட முடியுமா என்று உங்கள் பத்திரிகை வழியாகவே கேட்கிறேன்.

அடுத்த வருஷத்து விழாவுக்கு ஆலோசனைக் கூட்டம் கூட்டும்போது இந்த ஒரு நாளையும் அதிகாரிகள் பேச்சில் எடுக்க வேண்டும். கூட்டத்துக்குப் பொதுமக்களையும் கூப்பிட்டால் வருகிறேன். மேசை போடுவதென்று முடிவானால், சுடச்சுடத் தட்டுவடை போட நானும் என் மருமகளும் எண்ணெய்ச் சட்டியோடு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவோம். வேர்க்கடலையும் போடுவோம்.

இப்படிக்கு,
தட்டுவடைக் கடைக்காரம்மா,
குகை, சேலம்.